பிரிண்டர் பழுதும் திருப்பி அனுப்பப்படும் மக்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சான்றிதழுக்காக வேலையை விட்டுவிட்டு வருபவர்களிடம் "பிரிண்டர் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்புவது பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. அலுவலக இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இப்பழுதுகளில் பல மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

லேசர் பிரிண்டர் தன் நோயைத் தாளிலேயே எழுதிக் காட்டிவிடும். ஒரே கறை சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால், உள்ளே சுழலும் உருளைகளில் ஏதோ ஒன்றில் கோளாறு என்று பொருள். அந்த இடைவெளியை அளவுகோலால் அளந்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள சுற்றளவுகளோடு ஒப்பிட்டால் அது அச்சிட வேண்டிய உருவம் முதலில் பதியும் டிரம்மா, வேறு ரோலரா என்பது தெரிந்துவிடும். விரலால் தேய்த்ததும் எழுத்து உதிர்ந்தால், டோனர் என்னும் மைத்தூளை உருக்கித் தாளில் பதிக்கும் ஃபியூசரில்தான் பெரும்பாலும் பழுது இருக்கும். அதற்கு, டோனர் அடங்கிய பெட்டியான கார்ட்ரிட்ஜைப் புதிதாக வாங்குவது வீண் செலவு. ஆனாலும் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

மலிவு விலை ரீஃபில் தரும் தொல்லை தனி. டோனரும் டிரம்மும் ஒன்றாக அமைந்த கார்ட்ரிட்ஜில் கழிவுத் தூள் சேரும் அறை ஒன்று உண்டு. ரீஃபில் செய்பவர் அதைக் காலி செய்யாமல் புதுத் தூளை மட்டும் நிரப்பிக் கொடுத்தால், சில நாட்களில் அந்த அறை நிரம்பி வழிந்து தாளெங்கும் கறை படியும். பழியோ இயந்திரத்தின் மேல் விழும்.

தாள் உள்ளே போகாமல் நின்றால் பெரும்பாலும், தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரின் ரப்பர் தூசு படிந்து வழவழப்பாகியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நூல் பிரியாத ஈரத்துணியால் அதைத் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும். மழைக்காலத்தில் பிரித்துப் போட்ட தாள்கட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதும் தாள் சிக்குவதற்குக் காரணம் என்பதால், மிச்சத் தாளை உறைக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. சிக்கிய தாளைக் கண்டபடி பிடித்து இழுக்காமல், கூடுமானவரை அது நகரும் திசையிலேயே மெதுவாக எடுக்க வேண்டும். கிழிந்த துண்டு உள்ளே தங்கினால் அப்போது மெக்கானிக் உண்மையிலேயே தேவைப்படுவார்.

எனவே, டோனரையும் தாளையும் இருப்பில் வைப்பது போலவே, விலை குறைந்த பிக்கப் ரோலரையும் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் செபரேஷன் பேடையும் ஒவ்வோர் அலுவலகமும் முன்கூட்டியே வாங்கி வைக்கவும், ஊழியர் ஒருவருக்கேனும் இந்த அடிப்படைப் பயிற்சியை அளிக்கவும் துறை அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பிரிண்டர் பழுதுநீக்குநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.