எங்களிடம் பணத்தை வாங்குங்கள், மருத்துவமனைக்காக வாங்குங்கள்

மாண்புமிகு ஆஸ்திரேலியச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மேற்கு சிட்னியில் ஒரு பொது மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் இருக்கும் எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன். அவர்களில் பலர் நிதியாண்டு முடியும் இந்த ஜூன் மாதத்தில் என்னைப் போலவே கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: மெடிகேர் லெவி சர்சார்ஜ். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக, எல்லோரையும் போல நாங்களும் வருமானத்தில் 2 சதவீதம் மெடிகேர் லெவி என்ற வரி கட்டுகிறோம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த லெவியை மனதார ஏற்றுக்கொண்டவள் நான். மெடிகேர் அட்டையின் அருமை தெரிந்த வார்டில்தான் நாளெல்லாம் நிற்கிறேன். அதற்கு மேலே, தனியார் ஹாஸ்பிட்டல் கவர், அதாவது மருத்துவமனைச் செலவுக்கான இன்சூரன்ஸ், எடுக்காவிட்டால் 1 முதல் 1.5 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டு என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2025–26 நிதியாண்டில் இந்தச் சர்சார்ஜ் தொடங்கும் குடும்ப வருமான வரம்பு 2,02,000 டாலர். முதல் பிள்ளைக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,500 டாலர் சேரும். நானும் என் கணவரும் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டிவிட்டோம். எப்படித் தாண்டினோம் தெரியுமா? வார்டில் ஆள் இல்லை என்று மாலையில் போன் வரும். போனால்தான் அங்கே இருப்பவர்கள் சமாளிப்பார்கள் என்று தெரியும், அதனால் போவேன். அப்படிப் பார்த்த இரவு ஷிப்ட்டும் ஓவர்டைமும் சேர்ந்துதான் எங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளின. கோட்டைத் தாண்டிய பிறகு, தாண்டிய பணத்துக்கு மட்டும் சர்சார்ஜ் இல்லை, முழு வருமானத்துக்கும் உண்டு. பாலிசி இல்லாவிட்டால் எங்களுக்கு அது 2,200 டாலருக்கு மேல் வருகிறது.

வருமானவரிக் கணக்குப் பார்ப்பவர் என்ன சொல்வார்? "சர்சார்ஜ் கட்டாதீங்க, ஒரு பேசிக் பாலிசி எடுத்துடுங்க, சில நூறு டாலர் மிச்சம்." கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் இதே பேச்சு, வாட்ஸாப் குழுவில் இதே பேச்சு. எது சீப்பு, எந்தக் கம்பெனி முதல் ஆறு வாரம் இலவசம் தருகிறது என்று விசாரிப்பார்கள். அந்தப் பாலிசி எந்த நோய்க்குப் பணம் தரும் என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. அது நோய்க்கான பாலிசி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நாங்களும் அப்படித்தான் ஒன்றை வைத்திருக்கிறோம்.

2019இல் பாலிசிகளைத் தங்கம், வெள்ளி, வெண்கலம், பேசிக் என்று நான்காகப் பிரித்தார்கள். அதில் பேசிக் பாலிசி கட்டாயமாகத் தர வேண்டியது மூன்றே மூன்று: மறுவாழ்வு சிகிச்சை, மனநல சிகிச்சை, வலிதணிப்புப் பராமரிப்பு. அவற்றையும் கட்டுப்பாடுகளோடு தந்தால் போதும். விபத்து, ஆம்புலன்ஸ் என்று சில கம்பெனிகள் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். பிரசவமா, கண்புரையா, மூட்டு மாற்றா? அதற்கெல்லாம் தங்கம் வேண்டும். குடலிறக்கம், குழந்தைகளின் டான்சில் என்றால் குறைந்தது வெண்கலமாவது வேண்டும்.

டான்சில் என்று சொன்னேன் அல்லவா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் சின்ன மகனுக்கு ஆறு வயது. படுத்தால் வாயைப் பிளந்துகொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்துத்தான் தூங்குவான். குறட்டை அடுத்த அறை வரைக்கும் கேட்கும். திடீரென்று நின்றுவிடும். மார்புக்கூடு மட்டும் உள்ளே இழுக்கும், மூச்சு வராது. பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்தவன் மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, புரண்டு படுப்பான். இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த இழுப்புக்காகக் காத்திருப்பேன். வேலையில் எத்தனையோ பேரின் மூச்சைக் கவனித்திருக்கிறேன். என் பிள்ளையின் மூச்சைக் கவனிக்கும்போது கை குளிர்ந்துவிடுகிறது. காலையில் அவன் தூங்கி எழுந்தவன் மாதிரியே இருக்க மாட்டான். வகுப்பில் பாயில் உட்கார்ந்து கதை கேட்கும் நேரத்தில் கண் சொக்கிவிடுகிறான் என்று டீச்சர் சொன்னார்.

குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்தார். காது மூக்கு தொண்டை நிபுணர் பார்த்துவிட்டு, டான்சிலையும் அடினாய்டையும் எடுத்துவிடுவது நல்லது என்றார். வரவேற்பில் இருந்த பெண் பிரைவேட் கவர் இருக்கிறதா என்று கேட்டு அட்டையை வாங்கினார். கம்பெனிக்குப் போன் போட்டார். போனை வைத்துவிட்டு, "சாரி, உங்கள் பாலிசியில் இது இல்லை" என்றார். அவர் மேல் தப்பு இல்லை. கம்பெனிகூட எழுதிக் கொடுத்தபடிதான் நடந்துகொள்கிறது.

சரி, என்ன வழி இருக்கிறது என்று பார்த்தோம். பொது மருத்துவமனையில் பதிவு செய்தோம். மூன்றாம் பிரிவு, அதாவது 365 நாட்களுக்குள் செய்ய வேண்டிய அறுவை. வெண்கலப் பாலிசிக்கு மாறலாமா என்று கேட்டோம்; ஏற்கெனவே இருக்கும் கோளாறு என்பதால் 12 மாதம் காத்திருக்க வேண்டுமாம். கையிலிருந்து கட்டலாம் என்றால், மருத்துவர்களின் கட்டணத்தில் அரசு நிர்ணயித்த தொகையில் 75 சதவீதத்தை மெடிகேர் தரும்; அதற்கு மேல் அவர்கள் கேட்பது, அறுவை அரங்கு, படுக்கை எல்லாம் எங்கள் தலையில். சில ஆயிரம் டாலர். வீட்டுக்கடன் தவணைக்கு நடுவில் அதைப் புரட்ட முடியவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிற என் மகனும் இல்லாத பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒரே வித்தியாசம், நாங்கள் வருடா வருடம் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டியிருக்கிறோம்.

ஐயா, என் கேள்வி இதுதான். அந்தப் பணம் ஏன் அந்தக் கம்பெனிக்குப் போனது? நீங்கள் போகச் சொன்னீர்கள், அதனால் போனது.

1997இல் இந்தச் சர்சார்ஜைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம், வசதி உள்ளவர்கள் தனியார் பக்கம் போனால் பொது மருத்துவமனையின் பாரம் குறையும் என்பது. பேசிக் பாலிசி வைத்திருப்பவர் எந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போக முடியும்? உடம்புக்கு வந்தால் அவர் எங்கள் எமர்ஜென்சிக்குத்தான் வருகிறார். தனியார் நோயாளியாகச் சேர விருப்பமா என்று கேட்டுப் படிவத்தை நீட்டினால், எதற்கு வம்பு என்று "வேண்டாம்" என்கிறார். பாரம் இறங்கவே இல்லை. அந்தப் பாரத்தைத் தாங்குபவர்களில் ஒருத்தியாகச் சொல்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை: சிகிச்சை தராத பாலிசியைக் காட்டிச் சர்சார்ஜிலிருந்து விலக்குப் பெறும் வழியை மூடுங்கள். விலக்கு வேண்டுமென்றால் குறைந்தது வெண்கலப் பாலிசியாவது இருக்க வேண்டும் என்று வையுங்கள். பல் மருத்துவத்துக்கும் கண்ணாடிக்குமான எக்ஸ்ட்ராஸ் கவர் மட்டும் வைத்திருந்தால் இன்றைக்கே விலக்கு கிடையாது; அதே கண்டிப்பைப் பேசிக் பாலிசிக்கும் காட்டுங்கள். அப்படியும் எடுக்காதவர்கள் கட்டும் சர்சார்ஜை, அரசின் பொதுக் கணக்கில் கரைந்து போகாமல், பொது மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைக் காத்திருப்புப் பட்டியலுக்கென்று ஒதுக்குங்கள். எங்களிடம் பணத்தை வாங்குங்கள். மருத்துவமனைக்காக வாங்குங்கள்.

நுகர்வோர் அமைப்பான 'சாய்ஸ்' இந்த மாதிரிப் பாலிசிகளைக் குப்பை என்று சொல்லி வருகிறது. அரசோ அந்தக் குப்பைக்கும் பிரீமியத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடியாகக் கொடுக்கிறது. இன்சூரன்ஸ் தள்ளுபடிக்கு மட்டும் வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. உயர்ந்த வருமானப் படியில் இருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு பேசிக் பாலிசி வழியாகவும் போகிறது. அதாவது, ஒன்றும் தராத பாலிசியை எடுக்கச் சொல்லி மிரட்டுவதும் அரசு, எடுத்தால் அதில் ஒரு பங்கைக் கட்டுவதும் அரசு. எங்கள் வார்டில் இரவில் இன்னும் ஒரு செவிலியர் வேண்டும் என்று கேட்டால் மட்டும் நிதி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் குடியேறி வரும் எங்கள் மக்களுக்கு இந்த விதிகளை உட்கார வைத்துச் சொல்ல ஆள் இல்லை. 31 வயது தாண்டி வருபவர், மெடிகேரில் முழுமையாகப் பதிவான 12 மாதத்துக்குள் ஹாஸ்பிட்டல் கவர் எடுக்காவிட்டால், 30 வயதுக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதம் பிரீமியம் கூடும். 40 வயதில் எடுத்தால் 20 சதவீதம், அதுவும் தொடர்ந்து பத்து வருடம். வேலை தேடி, வாடகை வீடு தேடி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து நிமிர்வதற்குள் அந்த 12 மாதம் ஓடிவிடும். ஜூன் மாதம் முழுக்க "30ஆம் தேதிக்குள் எடுங்கள், வரியை மிச்சம் பிடியுங்கள்" என்று விளம்பரம் ஓடுகிறது. சர்சார்ஜ் நாள் கணக்கில்தான் போடப்படுகிறது. ஜூன் 20இல் பாலிசி எடுத்தவருக்கு அந்த வருடத்தில் மிச்சமாவது பத்துச் சொச்சம் நாள் பணம்தான். இதைப் பெரிய எழுத்தில் போடும் விளம்பரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்படிப் போட்டே ஆக வேண்டும் என்று நீங்கள் உத்தரவிடலாம். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கோபத்தில் நிறையப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டின் மருத்துவ அமைப்பைப் பற்றிக் கேவலமாகப் பேச எனக்கு மனம் வராது. என் மூத்த மகள் பிறந்தது பொது மருத்துவமனையில். கையிலிருந்து ஒரு காசு செலவாகவில்லை, என்னைப் பார்த்துக்கொண்ட மிட்வைஃபை இன்றும் நினைத்துக்கொள்வேன். 1984இல் தொடங்கிய மெடிகேர் அந்த நம்பிக்கையைத்தான் எல்லோருக்கும் கொடுத்தது. அந்த நம்பிக்கை தேயக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை 1 முதல் அந்தப் பாலிசியை நிறுத்துகிறோம். ஆம்புலன்ஸுக்கு மட்டும் தனியாகக் கவர் எடுத்துக்கொள்வோம். நியூ சவுத் வேல்ஸில் அது இல்லாமல் முடியாது. அடுத்த வருடத்துக்கான சர்சார்ஜைக் கட்டுகிறோம். கணக்குப்படி எங்களுக்குச் சில நூறு டாலர் நஷ்டம். அந்தப் பணம் பொது மருத்துவமனைக்குத்தான் போகும் என்று இன்று யாராலும் எனக்கு உறுதி தர முடியாது. நீங்கள் தர முடியும்.

அடுத்த பட்ஜெட்டுக்கு முன் இந்த இரண்டையும் செய்யுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: பேசிக் பாலிசிக்கான விலக்கை நிறுத்துங்கள், சர்சார்ஜ் பணத்தைக் காத்திருப்புப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள். செய்ய முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மேற்கு சிட்னியிலிருந்து ஒரு செவிலியர்