மிக்சி, கிரைண்டர் பழுதுபார்ப்பு: வீட்டிலேயே தொடங்கக்கூடிய தொழில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே ஏதாவது தொழில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு இப்போது கிடைக்கும் முதல் பதில், இணையத்தில் ஒரு பக்கம் திறக்க வேண்டும், காணொளி போட வேண்டும் என்பதுதான். கையில் வேலை தெரிந்த பலர் இதைக் கேட்டதும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இணையம் துளியும் தேவைப்படாத, நம் வீடுகளுக்கு என்றும் வேண்டியிருக்கிற ஒரு தொழிலைப் பற்றி விவரமாக எழுத விரும்புகிறேன். மிக்சி, மாவு கிரைண்டர், ஸ்டாண்ட் விசிறி, ரைஸ் குக்கர் பழுதுபார்ப்பதுதான் அது.

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பழைய கிள்ளான் சாலை என்று நம்மவர்கள் வாழும் எந்த அடுக்குமாடியிலும் மிக்சி இல்லாத வீடு அபூர்வம். இந்தியாவிலிருந்து பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தவற்றுக்கு இங்கே உத்தரவாதம் கிடையாது. ஜாடியை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் உடைந்தாலே முழு இயந்திரமும் குப்பைக்குப் போகிறது.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். சுவர் சாக்கெட், கூரை விசிறியின் ஒயரிங், மின்பெட்டி ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தின்படி, அவை எரிசக்தி ஆணையமான சுருஹஞ்சாயா தெனாகாவில் பதிவு பெற்றவர்களின் வேலை. மைக்ரோவேவ் அடுப்பையும் பழுதுபார்க்க ஏற்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். எரிவாயு அடுப்பும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, தூக்கிக்கொண்டு வரக்கூடிய சமையலறைச் சாமான்களும் சிறு விசிறிகளும் போதும். மின்சாரத்தின் அடிப்படையே தெரியாதவர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களான கியாட்மாராவிலோ ஐ.எல்.பி.யிலோ முதலில் படித்துவிட்டு வரட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கருவிகள் அதிகமில்லை. கெப்பாசிட்டரையும் அளக்கும் மல்டிமீட்டர், 60 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல ஸ்க்ரூடிரைவர் செட், மூக்குக் குறடு, பூட்டு வளையங்களைக் கழற்றும் சர்க்ளிப் பிளையர் வேண்டும். பூடுவில் உள்ள ஜாலான் பாசாரின் மின்னணு உதிரிபாகக் கடைகளில் இவை கிடைக்கும். மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் ஒன்றையும் எப்படியாவது வாங்கிவிடுங்கள். பழுது நீக்கிய சாதனத்தில் மின்கசிவு இல்லை என்று அதைக் கொண்டுதான் உறுதியாகச் சொல்ல முடியும். உலோக உடலுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் அந்தச் சாதனம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இன்னொன்றை நீங்களே செய்துகொள்ளலாம்: 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த சோதனைப் பலகை. பழுது பார்த்ததை முதல் முறை அதன் வழியாகவே ஓட்டுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறு எதுவும் ஆகாது.

வரும் மிக்சிகளில் பலவற்றுக்கு முதல் வேலை பிளக்தான். உருண்டை முள் பிளக்கைச் செருகுவதற்காக, சாக்கெட்டின் மேல் துளையில் சாப்ஸ்டிக் குச்சியை விட்டு அழுத்துவது இங்கே சாதாரணமாகிவிட்டது. அப்படிச் செருகினால் எர்த் சேராது, பிளக்கில் ஃபியூசும் இல்லை. தரச்சான்று நிறுவனமான சிரிமின் முத்திரையுள்ள மூன்று சதுர முள் பிளக்கை மாற்றுங்கள். பழுப்பு ஒயர் லைவுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சை மஞ்சள் எர்த்துக்கு. நிறம் வேறாக இருந்தால் ஊகிக்காமல் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஃபியூசையும் கவனிக்க வேண்டும். விசிறிக்கு 3 ஆம்பியர், 750 வாட் மிக்சிக்கு 5 ஆம்பியர், ரைஸ் குக்கருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் 13 ஆம்பியர். எல்லாவற்றுக்கும் 13 போட்டால், மிக்சியின் மெல்லிய ஒயர் கருகும் வரை ஃபியூஸ் போகாது.

மிக்சி சுற்றவில்லை என்றால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். பிளக் ஃபியூசையும் அடியிலுள்ள சிவப்பு ஓவர்லோட் பொத்தானையும் பாருங்கள். அடுத்தது, மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள். மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பொறி பறப்பது நிற்காது. பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் நைசான மணல்தாளால் லேசாகத் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு இடையே உள்ள கரித்தூளை மரக்குச்சியால் எடுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் இடுக்கில் தங்கி மின்சாரம் கடத்தலாம். வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் போய்விட்டது. அதைப் பழுது பார்க்கும் செலவுக்குப் புதிதே வாங்கலாம் என்று வாடிக்கையாளரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடிக்கடி வருவது கப்ளர் உடைந்த மிக்சி. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் திருப்பினால்தான் கப்ளர் கழலும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். தெரியாமல் முறுக்கினால் தண்டின் மரையே போய்விடும். அடித்தட்டைக் கழற்றி, தண்டின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். கப்ளரை மாற்றியதோடு வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். ஜாடியைக் கவிழ்த்து, கத்தியை விரலால் அடியிலிருந்து சுற்றிப் பாருங்கள். மஞ்சளும் மிளகாய்த் தூளும், கத்தியின் தண்டு சுற்றும் குழலான புஷ்ஷுக்குள் இறங்கி இறுகியிருந்தால், புதிய கப்ளரும் சில நாட்களிலேயே உடைந்து, உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். வாடிக்கையாளர் மிக்சியை மட்டும் கொண்டுவந்தால், ஜாடிகளையும் எடுத்து வரச் சொல்லி அனுப்புங்கள்.

கிரைண்டர் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால், மாவு காய்ந்து இறுகவில்லை, பெல்ட் கழலவில்லை என்று பார்த்துவிட்டு, கெப்பாசிட்டரை அளந்து பாருங்கள். பழையதில் அச்சிட்ட அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் போட வேண்டும். பாத்திரம் மெதுவாகச் சுற்றினால் பெல்ட் தளர்ந்திருக்கும். மாவு சாம்பல் நிறமாக வருகிறது, கல் கடகடக்கிறது என்றால் உருளையின் நைலான் புஷ் தேய்ந்துவிட்டது. அடியில் மாவுத் தண்ணீர் கசிந்தால் ஆயில் சீலைத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேரிங்கும் துருப்பிடிக்கும்.

விசிறி தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் கெப்பாசிட்டர். தள்ளினாலும் கனமாக இருந்தால் புஷ் காய்ந்திருக்கிறது. தையல் இயந்திர எண்ணெய் சில சொட்டு போதும், சமையல் எண்ணெய் விட்டால் பிசினாகிவிடும். காயிலுக்குள் இருக்கும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருந்தால் அதே வெப்ப அளவுள்ளதையே போடுங்கள். சால்டர் வைக்கும்போது மூக்குக் குறடால் ஃபியூசின் கம்பிக் காலைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், வைக்கும் சூட்டிலேயே அது போய்விடும். அந்த ஃபியூசை நீக்கிவிட்டு ஒயரை நேராக முறுக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரவெல்லாம் ஓடும் விசிறி அது. ஒரு குடும்பம் தூங்கும் அறையில் தீப்பிடிக்க அது காரணமாகலாம்.

இனி வாடிக்கையாளர் எப்படி வருவார்கள் என்பது. மின்கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் தாள் ஒட்டாதீர்கள், மாநகர் மன்றம் அபராதம் போடும். உள்ளங்கை அளவு அட்டையில் பெயர், தொலைபேசி எண், எந்தச் சாமான்கள், எத்தனை மணிக்கு என்று மட்டும் அச்சடித்து, மிக்சி விற்கும் கடைக்காரரிடமே முதலில் கொடுங்கள். உத்தரவாதம் முடிந்ததைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை எங்கே அனுப்புவது என்று அவர்களுக்கே தெரியாது. அடுத்து மளிகைக் கடை, வாழையிலை உணவகம், கேட்டரிங் செய்பவர், கோயில் மடப்பள்ளி. கேட்டரிங் செய்பவரின் கிரைண்டர் ஒருநாள் நின்றால் அன்றைய இட்லி மாவு போச்சு, அவர் உங்கள் எண்ணை மறக்கவே மாட்டார். அடுக்குமாடி அறிவிப்புப் பலகைக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வட்டாரத்தைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். நடந்தோ மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்திலோ வரக்கூடியவர்கள் போதும்.

கணக்கெல்லாம் காகிதத்திலேயே நடக்கும். கார்பன் வைத்த இரட்டை ரசீதுப் புத்தகம் ஒன்று, எண் எழுதிய அட்டைகள் ஒரு கட்டு. சாமான் வந்ததும் அட்டையைக் கட்டி, எத்தனை ஜாடி, எத்தனை மூடி, எங்கே கீறல் என்று ரசீதில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் தொலைந்த மூடியால்தான் வரும். பார்ப்பதற்கு 10 வெள்ளி (ரிங்கிட்), பழுது பார்த்தால் அது கூலியில் கழியும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன தொகைக்கு மேல் போகுமானால் தொலைபேசியில் கேட்காமல் தொடக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். மாற்றிய பாகத்துக்கு 30 நாள் பொறுப்பு என்றும் ரசீதில் எழுதுங்கள்.

தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. கே.எல். சென்ட்ரலில் உள்ள மெனாரா எஸ்.எஸ்.எம்.முக்கு அடையாள அட்டையோடு போனால் முகப்பிலேயே உதவுவார்கள். வீட்டில் தொழில் நடத்தும் உரிமம் பற்றி மாநகர் மன்றமான டி.பி.கே.எல். முகப்பிலும், அடுக்குமாடியானால் நிர்வாகக் குழுவிடமும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் ஓட்டிப் பார்ப்பதைக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வைத்துக்கொள்ளாதீர்கள். வருமான வரிக்குப் படிவம் பி, ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முதலீடு தேவைப்படுகிறவர்கள் சிறுதொழில் கடன் தரும் தெக்குனில் இந்தியர்களுக்கான ஸ்பூமி திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்தத் தொழிலைத் தொடங்கக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே பிரஷ், கப்ளர், ஜாடி புஷ், பெல்ட் எல்லாம் இருப்பில் இருக்க வேண்டும். பண்டிகைக்கு இரண்டு வாரத்துக்கு முன் வருவதைத்தான் அதற்குள் முடித்துத் தருவேன் என்று அட்டையிலேயே அச்சடித்துவிடுங்கள். முறுக்கு மாவு அரைக்கும் நாளில் வாடிக்கையாளர் உங்கள் வாசலில் வந்து நிற்பது இருவருக்கும் வேதனை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் வட்டார வாரியாக, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் என்று பிரித்து, வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கு இரண்டு வரி விளம்பரப் பகுதி ஒன்றைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்க முடியுமா? எஸ்.எஸ்.எம். பதிவு எண் இருந்தால் மட்டும் வெளியிடுவது என்று வைத்துக்கொண்டால், வாசகர்களும் நம்பி அழைப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.