அந்த இருமலைச் சும்மா விடாதே

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததில் ரொம்ப சந்தோஷம். அவளுக்கு மாசம் தவறாமல் சளி பிடிப்பதை நினைத்துக் கலங்காதே. சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது கொரோனாவுக்கு முன்பும் உள்ளதுதான்.

எனக்குக் கவலை உன் இருமல்தான். காய்ச்சல் மூன்றே நாளில் விட்டுவிட்டது, இருமல் மட்டும் ஒரு மாசமாக இழுக்கிறது, "கொரோனாவுக்கு அப்புறம் எல்லாருக்கும் இப்படித்தானே" என்று எழுதியிருக்கிறாய். இங்கே தென்காசியிலும் எல்லார் வாயிலும் இதே பேச்சுதான். 2023 மார்ச்சில் எச்3என்2 என்கிற ஃப்ளூ காய்ச்சல் பரவி, தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் ஆயிரம் இடத்தில் காய்ச்சல் முகாம் போட்டார்களே, அப்போது இந்திய மருத்துவச் சங்கமும், இருமல் மூன்று வாரம் வரை இருக்கலாம், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுதான் சொன்னது. அதில் மூன்று வாரத்தைப் பிடித்துக்கொண்டோம், ஆன்டிபயாடிக்கை விடவில்லை. மெடிக்கலில் இருமல் என்று சொல்லி முடிப்பதற்குள் அட்டையைக் கத்தரித்து மூன்று மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தெரு டீக்கடைக்காரர் தீபாவளியிலிருந்து இருமினார். நாங்களும் கொரோனா இருமல் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பொங்கலுக்குள் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. சளியைப் பரிசோதித்தால் டிபி. இப்போது ஆறு மாச மாத்திரையில் தேறி வருகிறார். 2019இல் நாடு முழுக்க 24 லட்சம் டிபி நோயாளிகள் பதிவானார்கள், 2020இல் 18 லட்சம்தான். நோய் குறையவில்லையடா, ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்கு வராமல் வீட்டிலேயே கிடந்தவர்கள் அவ்வளவு பேர்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி பார்க்க வேண்டும் என்பது அரசாங்க ஏற்பாடு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். டப்பா தருவார்கள், காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்துக் கொடு, வெறும் எச்சில் உதவாது. உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, சர்க்கரைக்காரர்களை டிபி சுலபமாகப் பிடிக்கும். அதுவரை நீயாக எந்த ஆன்டிபயாடிக்கும் வாங்கிப் போடாதே. சில மாத்திரைகள் டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி, கண்டுபிடிக்க விடாமல் செய்துவிடும். பேத்தியைக் கொஞ்சும்போது மாஸ்க் போட்டுக்கொள்.

இங்கே மழை நன்றாகப் பெய்து குளம் நிரம்பிவிட்டது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ரிசல்ட் வந்த அன்றைக்கே எனக்குப் போன் போடு.

அன்புடன்,
சண்முகம்