பாதுக்க வயல்வெளி நடைக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர்,

கடந்த ஞாயிற்றுக்கிழமை பாதுக்கவுக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டத்தின் வழியாகவும் அதனை ஒட்டிய வயல் வரம்புகள் மீதும் எங்கள் ஸ்பானியல் இன நாய் வளர்ப்போர் கழகம் மேற்கொண்ட நடை இனிதே முடிந்து, 11 கொக்கர் ஸ்பானியல்களும் 3 ஸ்பிரிங்கர் ஸ்பானியல்களும் பத்திரமாகக் கொழும்பு திரும்பின. இதற்குத் துணைநின்றவர்களுள் பலர் நாய் வளர்ப்பவர்கள் அல்லர் என்பதாலேயே இம்மடலை எழுதுவது எங்கள் கடமையாகிறது.

முதல் நன்றி கொட்டாஞ்சேனை வான் சாரதிக்கு உரியது. நாங்கள் முன்கூட்டியே பேசியிருந்த வாகனத்தின் சாரதி வெள்ளவத்தையில் நாய்களைக் கண்டதும் ஏற்ற மறுத்துவிட, அதிகாலை 4.45 மணிக்குத் தொலைபேசியில் எழுப்பப்பட்ட இவர், ஒரு கடிந்த சொல்லும் இன்றி, இருக்கைகளின் மீது தாமே தார்ப்பாயை விரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வெயில் ஏறுமுன் நடையை முடிக்கவேண்டும் என்பதே எங்கள் திட்டத்தின் உயிர்நாடி என்பதால், இதனால் இழந்த அரை மணி நேரத்தை அவர் மீட்டுத் தராதிருந்தால் பயணத்தையே கைவிட்டிருப்போம்.

எங்களுடன் நடந்த மிருக வைத்தியர் அம்மாவுக்கும் நன்றி. வயல் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால், விசர்நாய்த் தடுப்பூசியுடன் அதற்கான ஊசியும் போட்ட அட்டையைக் காட்டாத எந்த நாயையும் வானில் ஏற்ற அவர் உடன்படவில்லை. மனிதரைப்போல் உடலெங்கும் வியர்க்காமல் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும் பிராணி நாய் என்பதை நினைவூட்டி, புறங்கையை ஏழு விநாடிகள் வைத்திருக்க முடியாத தார்வீதியில் அவற்றை நடத்தக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று சிலருக்கு அது கெடுபிடியாகத் தோன்றியது, எனக்கும்தான்.

தோட்டத்தினூடே செல்ல அனுமதி தந்த மேற்பார்வையாளருக்கும், பால் நிறைந்த சிரட்டைகள் இரண்டை எங்கள் ஸ்பிரிங்கர் ஒன்று தட்டிக் கவிழ்த்தபோது சிரித்துக்கொண்டே அவற்றை மீண்டும் மரத்தில் பொருத்திய பால்வெட்டும் அக்காவுக்கும் எங்கள் நன்றியும் மன்னிப்பும்.

வயற்காரப் பெரியவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கொக்கர் என்னும் பெயரே வுட்கொக் என்ற பறவையைப் புதரிலிருந்து எழுப்பிவிடும் வேலையால் வந்தது. எட்டாம் மாடியில் குஷன் மீது உறங்கி வளர்ந்தாலும் அந்தக் குணம் போய்விடுவதில்லை. வாய்க்காலோரம் கானாங்கோழி ஒன்று வாலை ஆட்டியபடி குறுக்கே ஓடியதுதான் தாமதம், என் பிரவுணி கழுத்துப்பட்டியை உருவிக்கொண்டு, நட்டுச் சில வாரங்களேயான நெல்லுக்குள் பாய்ந்துவிட்டாள். கூப்பிட்டதற்கெல்லாம் செவிசாய்க்கவில்லை. வயலுக்குள் இறங்கினால் பயிர் மேலும் மிதிபடும் என்று நான் வரம்பிலேயே திகைத்து நிற்க, பெரியவர் நிரைகளுக்கிடையே ஒரு நாற்றும் சாயாமல் நடந்து சென்று, சேறு சொட்டும் அவளைச் சால்வையில் சுற்றித் தூக்கிவந்து என் கையில் தந்தார். சேதத்துக்கு நான் நீட்டிய பணத்தை வாங்காமல், "கமக் நே, மஹத்தயா" (பரவாயில்லை, ஐயா) என்று சிங்களத்தில் மட்டும் சொல்லித் தம் வீட்டுக் கிணற்றடிக்கு எங்கள் எல்லோரையும் அழைத்துச் சென்றார்.

அங்கேதான் வைத்தியர் அம்மாவின் கண்டிப்புக்குப் பொருள் விளங்கியது. காற்றுப் புகாத நீண்ட காதுகளில் ஈரம் தங்கினால் புண்ணாகிவிடும் என்று ஒவ்வொன்றாக மடித்துத் துடைத்தவர், பிரவுணியின் விரலிடுக்கில் ஏறியிருந்த ஒட்டுப்புல் முள்ளையும் இன்னொரு நாயின் காதுமடலில் புதைந்திருந்த உண்ணியையும் இடுக்கியால் பிடுங்கினார். அந்நேரம் பெரியவரின் மனைவி 22 பேருக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்கவே இல்லை.

சந்தியில், ஊர் நாய்கள் எங்கள் நாய்கள்மீது பாயாதபடி மாலுபணிஸ் (மீன் பணிஸ்) பிய்த்துப் போட்டு அவற்றைக் கடைக்குப் பின்னே மறித்து வைத்திருந்த தேநீர்க்கடைத் தம்பிக்கும் நன்றி. அந்தப் பணிஸ்களின் காசு கழகக் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டுவிட்டது.

இம்மடலின் சிங்களப் பிரதியை அடுத்த ஞாயிறு பெரியவரிடம் நேரில் கையளிக்க இருக்கிறோம். நாய்களைக் குளிப்பாட்டியபோது எங்களால் கைப்பிடி முறிந்த வாளிக்குப் பதிலாகப் புதியதொன்றையும், சலவை செய்த அவரது சால்வையையும் அப்போது கொண்டுசெல்வோம். பிரவுணி வரமாட்டாள்.

இங்ஙனம்,
நடை ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
வெள்ளவத்தை, கொழும்பு 6