முதல் பறப்புக்கு முன்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இத்தனை வருடமாக உன் வீட்டுக் கராஜில் கிடந்த அலுமினியத் தகடுகள் இப்போது விமானமாகி இறக்கையோடு நிற்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

இங்கே எல்லோரும் சுகம். மாரி மழை பிடித்துவிட்டது. நீ வருவதென்றால் இனிக் கொழும்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வரத் தேவையில்லை, சென்னையிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் நிலத்தில் நெடுநேரம் நன்றாக ஓடியது என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் முழு நிம்மதி வரவில்லை. நிலத்தில் விமானம் மட்டமாக நிற்கிறது. கிளம்பியதும் மூக்கு மேலே தூக்கும், எஞ்சின் முழுச் சக்தியில் ஓடும், பெற்றோல் அதிகமாகத் தேவைப்படும். உன்னுடையது பம்ப் இல்லாத மேல் இறக்கை விமானம், இறக்கையில் இருக்கும் தாங்கியிலிருந்து பெற்றோல் தானாகவே கீழே இறங்க வேண்டும். மூக்கு தூக்கும்போது தாங்கிக்கும், எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றருக்கும் இடையிலான உயரமும் குறைந்துவிடும். நிலத்தில் தெரியாத குறை அங்கேதான் தெரியவரும்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012 இல் வெளியிட்ட ஆய்வு, சொந்தமாகக் கட்டிய விமானங்களின் விபத்துகளில் எஞ்சின் கோளாறையும் விமானம் கட்டுப்பாட்டை இழப்பதையும் முன்னுக்கு வைக்கிறது. எரிபொருள் தொகுதியைப் பரிசோதித்ததற்குப் பதிவு இருக்க வேண்டும் என்றும் அது கேட்டது.

போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். வண்டி நின்றால் முதலில் குழாயைக் கழற்றி ஊதிப் பார்ப்போம். தெருவோரம் நின்று ஊதலாம், வானத்தில் முடியாது. ஆகவே இப்போதே செய்.

விமானத்தின் வாலைத் தாழ்த்தி, மூக்கை அது ஏறக்கூடிய அதிகபட்சக் கோணத்துக்கு உயர்த்து. காபரேற்றரில் குழாயைக் கழற்றி, வரும் பெற்றோலை அளவுப் பாத்திரத்தில் பிடி. பம்ப் இல்லாமல் இறங்கும் தொகுதிக்கு, எஞ்சின் கிளம்பும்போது குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். முழுச் சக்தியில் மணிக்கு 40 லீற்றர் என்றாயே, அப்படியென்றால் ஒன்றரை மடங்கு மணிக்கு 60, அதாவது நிமிடத்துக்கு ஒரு லீற்றர். இரண்டு தாங்கிகளையும் தனித்தனியே, கொஞ்சமாகப் பெற்றோல் இருக்கும்போதும் பார்.

தாங்கியின் காற்றுத் துளையை மறக்காதே. அதில் குளவி கூடு கட்டினால் போதும், பெற்றோல் இறங்குவது நின்றுவிடும். தாங்கிக்குப் பூசிய பசையின் துகள்கள் பெற்றோல் வடிகட்டியில் சேர்கின்றனவா என்றும் திறந்து பார். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போகும் பெற்றோல் குழாயை விலக்கு, இல்லையேல் அதன் சூட்டில் பெற்றோல் உள்ளேயே ஆவியாகி அடைத்துவிடும்.

இத்தனையும் செய்தும் கிளம்பியவுடன் எஞ்சின் ஓய்ந்தால், மூக்கைத் தாழ்த்தி முன்னால் தெரியும் வெளியில் இறங்கு. ஓடுபாதைக்குத் திரும்பாதே. எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்க முடியாமல் விமானம் விழுமோ, 45 பாகை சரிந்து திரும்பினாலே அந்த வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது, உயரமும் கரைகிறது. எந்தப் பக்கம் வெளியான நிலம் இருக்கிறது என்று முந்தின நாளே நடந்துபோய்ப் பார்த்துவிடு. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், கோபிக்காதே.

இரண்டு தாங்கிகளிலும் நிமிடத்துக்கு எவ்வளவு வந்தது என்று எழுதி அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவிடம் நாள் சொல்லுவேன்.

அன்புடன்,
உன் மச்சான்