சாயங்கால ஓ.பி.

சென்னை

அன்புள்ள மல்லிகாவுக்கு,

கடிதம் வந்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நீ எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் முட்டிவலி இப்போது பரவாயில்லை.

பெரியாஸ்பத்திரி இருக்கும்போது தெருக்கோடியில் இன்னொரு சின்ன ஆஸ்பத்திரி எதற்கு, வீண் செலவு என்று கேட்டிருந்தாய். மனசு கேட்கவில்லை, உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிரஷர் பார்க்க நீ கேட்ட அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு, எங்கள் நலவாழ்வு மையத்துக்கு, போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், சித்தாள் வேலை செய்கிறவள். காதோரத்தில் சிமெண்ட் தூசி அப்படியே இருந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள், சுகர் 280. மாத்திரை தீர்ந்து பத்து நாளாம். நர்ஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் வெடிப்பை டார்ச் அடித்துப் பார்த்தார். புண் இல்லை. ஒரு மாத மாத்திரையை எண்ணிக் கொடுத்து, பையில் போட்டாளா என்றும் பார்த்துக்கொண்டார். “ஜி.எச்.சுக்குப் போனா அன்னிக்குக் கூலி போயிடும்க்கா, அதான் போறதே இல்லை” என்று அவள் என்னிடம் சொன்னாள். காலை 8 முதல் 12, அப்புறம் மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்களே, அந்த மாலை நாலு மணி நேரம் இல்லையென்றால் அவளுக்கு வைத்தியமே கிடையாது.

தமிழ்நாட்டு நகரங்களுக்கு இப்படி 708 மையங்கள் என்று அறிவித்து, 2023 ஜூனில் 500 மையங்களைத் திறந்தார்கள். ஒவ்வொன்றிலும் டாக்டர், நர்ஸ், சுகாதார ஆய்வாளர், உதவியாளர் என்று நாலு பேர், தொகுப்பூதியத்தில். இதற்கான பணம், மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்கிற 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகள் மூலம் சுகாதாரத்துக்கு ஒதுக்கிய மானியத்திலிருந்து என்று ஏற்பாடு. நாடு முழுவதற்கும் சேர்த்து 70,051 கோடி ரூபாய், 2021-22 முதல் 2025-26 வரை. எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி ஆண்டுதான். ஐந்தாண்டுக் கணக்கை நம்பிச் சம்பளம் போட்டால், கட்டடம் எங்கேயும் போகாது, ஆனால் குதிகாலைப் பார்க்கிற அந்த நர்ஸ் வேறு வேலை தேடிப் போய்விடுவாள். தெரிந்த முகம் மாறிவிட்டால் அந்தச் சித்தாள் திரும்ப வருவாளா? எனக்கு நம்பிக்கை இல்லை.

மேலிருந்து வருகிற மானியம் வரட்டும். மாநகராட்சியும் தன் பட்ஜெட்டில் இந்தச் சம்பளத்துக்கும் மருந்துக்கும் ஆண்டுதோறும் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். நான் கட்டுகிற சொத்து வரி தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் போகிறது, வேண்டியதுதான். அதில் ஒரு பங்கு அந்த மாத்திரைக்கும் போகட்டுமே, எனக்குச் சந்தோஷம்தான். கவுன்சிலரிடம் இதைத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். தெருவில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

உன் தம்பி மகன் நகராட்சியில் கணக்குப் பிரிவில்தானே இருக்கிறான்? உங்கள் ஊர் மையத்துக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்று கேட்டு அடுத்த கடிதத்தில் எழுது. மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.

புளி அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தா