துருத்தியை அமத்தினவன்

அன்புள்ள மகளுக்கு,

உங்கட ஊர்ச் சங்கம் சேர்த்த காசு கிடைச்சது. இந்தியாவில இருந்து பாடகர்மாரைக் கூப்பிட்டுப் பிள்ளையளுக்கு ஒரு பெரிய இசை நிகழ்ச்சி வைப்பமோ எண்டு கேட்டிருந்தாய். எனக்கு மனம் வரேல்லை, பிள்ளை. ஒரு இரவோட அது முடிஞ்சு போயிடும்.

2010இல முள்ளியவளைக்குத் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள்ள சங்கீத வகுப்புத் தொடங்கினன். அப்ப நடந்த ஒண்டை உனக்குப் போனில சொல்லேல்லை. சண்டைக்குப் பிறகு சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில இருந்து வந்த பிள்ளையள். சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கேக்க எங்கையோ தகரம் விழுந்தாலும் பாதிப்பேர் நிலத்தில குந்தியிடுங்கள். ஒரு பொடியன் வாயே திறக்கிறேல்லை. தாயைக் கண்முன்னால பறிகொடுத்தவன். நான் நெருக்கேல்லை. சுருதிப் பெட்டியை அவன்ர மடியில வைச்சு, "துருத்தியை மட்டும் அமத்து, ராசா" எண்டன். அவன்ர கை நிண்டா சுருதி நிண்டிடும். எல்லாரும் திரும்பி அவனைப் பார்ப்பினம். மெல்ல மெல்ல அவன்ர மூச்சும் கையும் ஒண்டாப் போகத் தொடங்கிச்சு. மாரி முடியிற நேரம், துருத்தியை அமத்தினபடி, மெல்லிசா ஒரு 'ச' பிடிச்சான். நான் கவனிக்காத மாதிரி அடுத்த வரிசைக்குப் போனன்.

இப்ப வாறதுகள் 2009க்குப் பிறகு பிறந்ததுகள். சண்டையைக் காணேல்லை. ஆனா வீட்டுக்குள்ள காணாமற்போன மாமாவின்ர படம் தொங்குது, தாய் கடனுக்கு முழிக்கிறா, சந்தியில போதைத் தூள் விக்கிறாங்கள். சங்கீத சபைச் சோதினைச் சான்றிதழும் வேணும்தான். அதைவிட, சனிக்கிழமையில ரெண்டு மணித்தியாலம் பக்கத்தில இருக்கிறவன்ர தாளத்தைக் கேட்டுத் தன்ர கையை வைக்கப் பழகுதுகளே, அதுதான் எனக்குப் பெரிசு.

அதால அந்தக் காசை வருசம் முழுக்கப் பிரிச்சுச் செலவழிப்பம். மூண்டு மிருதங்கத்துக்கு வலந்தலைத் தோல் மாத்த வேணும். ஒட்டுசுட்டான் பிள்ளையளுக்கு பஸ் காசு வேணும், இருட்டினா ஓட்டோ. எங்கட முல்லைத்தீவுப் பாணியில, முல்லைமோடியில ஆடுற கோவலன் கூத்துக்கு மத்தளம் அடிக்கிற அண்ணாவிமாருக்கு, கூத்துப் பழக்கிற ஆக்களுக்கு, வயசு போகுது, அவையிட்ட நாலு பொடியளையாவது விட வேணும்.

அந்தப் பொடியன் இப்ப மேசன் வேலை. சனிக்கிழமை பின்னேரத்தில சீமெந்துக் கையைக் கழுவிப்போட்டு வந்து, சின்னனுகளுக்குப் பெட்டி அமத்திறான். துருத்தி ஓட்டைக்கு சைக்கிள் டியூப் துண்டு வெட்டி ஒட்டி வைச்சிருக்கிறான். நீ வரேக்க ஒரு புதுப் பெட்டி கொண்டு வா. கரண்டில வேலை செய்யிறது வேண்டாம், கையால அமத்திறதாப் பார்த்து வாங்கு.

அம்மா